முப்பத்திரண்டாவது நிறுத்தம்

கடைசி அடுக்கை ஒட்டி முடித்துவிட்டு ரோபோவின் கை மேலே எழும்பி நின்றது.

வெர்லின் சாவியைத் திருகி எடுத்துக்கொண்டு கம்பிக் கதவைத் திறந்தார்.

"வாங்க லான். இதுதான் கடைசித் தடவை."

அதை இவ்வளவு சாதாரணமாகவா சொல்வது? நான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அமெரிக்காவில், விச்சிட்டா நகரத்தில் இந்தத் தொழிற்சாலையில் நாங்கள் செய்வது விமான இறக்கையின் மேல் பேனல். உலோகம் கிடையாது. பிசின் பூசிய கார்பன் நாடாவை இறக்கை வடிவ அச்சின் மேல் ரோபோ ஒட்டிக்கொண்டே போகும். முப்பத்திரண்டு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் இயந்திரம் நிற்கும். நான் உள்ளே போய் இடைவெளி, மடிப்பு, முறுக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, ஃபாரத்தில் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவேன்.

ஆள் உள்ளே இருக்கும்போது சாவி ஆபரேட்டர் கையில் இருக்க வேண்டும். ஆபரேட்டரும் கூடவே வர வேண்டும். அது பாதுகாப்பு விதி. எழுதிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

ஒரு தடவைக்கு இருபது நிமிடம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வெர்லின், நடுவில் கறுகறுவென்று பேனல். ஆறு வருடமாக நாங்கள் பேசியதெல்லாம் இந்தப் பேனலுக்குக் குறுக்கேதான். அவர் மனைவி விட்டுப் போனது, என் கணவர் செத்துப்போனது, தேவாலய ஏலத்துக்கு அவர் சுட்ட முட்டைக்கோஸ் பன் மொத்தமும் கருகிப்போனது, டல்லஸில் இருக்கும் என் மகள் போனே எடுக்காதது, எல்லாம்.

இந்த அறைக்குள் கைக்கு கிரீம் தடவக் கூடாது. சென்ட் கூடாது, லிப்ஸ்டிக் கூடாது. பட்டால் பிசின் பிடிக்காது. தலையில் வலைத்தொப்பி வேறு. இந்தக் கோலத்தில் ஐம்பத்து மூன்று வயது வியட்நாம்காரியை எவன் திரும்பிப் பார்ப்பான் என்று என்னை நானே கேலி செய்துகொள்வேன். ஆனாலும் காலையில் காரை விட்டு இறங்குமுன் கண்ணாடி பார்க்கிற வழக்கம் மட்டும் போகவில்லை.

நாளையிலிருந்து ரோபோவின் தலையிலேயே கேமரா. ஒட்டும்போதே பார்த்துவிடும், நிற்காது. வேலையை எளிமையாக்குகிறார்களாம். யாருக்கு எளிமையோ!

வெர்லினைத் துளை போடும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அது ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாட்டெலும்பு சூப்பு வைக்கிறேன், வீட்டுக்கு வாங்க. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. இந்தப் பேனலில் மட்டும் அதைச் சொல்ல முப்பத்தொரு வாய்ப்பு வந்தது. முப்பத்தொன்றிலும் நான் வானிலை பேசினேன்.

"வெர்லின்..."

"சொல்லுங்க."

டார்ச்சைப் பேனலின் மூலைக்குத் திருப்பினேன்.

"அந்த மூலையில ஒரு பிசிறு இருக்கு பாருங்க."

பிசிறு இருந்தது உண்மைதான். அவர் குனிந்து இடுக்கியால் அதை எடுத்தார். இதைச் சொல்லவா ஆறு வருடம் காத்திருந்தேன்? என்மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் மார்லா கையில் டேப்லெட்டோடு உள்ளே வந்தாள். கேமரா மாட்டுகிற திட்டத்துக்குப் பொறியாளர் அவள்.

"வெர்லின், ஒரு நிமிஷம். பழைய ப்ரோக்ராமைப் பாத்துட்டிருந்தேன். வேலைக் குறிப்புல நாலு அடுக்குக்கு ஒரு தடவை நிறுத்தினா போதும்னு இருக்கு. மொத்தமே எட்டுத் தடவை. ஒவ்வோர் அடுக்குக்கும் நிறுத்தற மாதிரி போட்டது நீங்களா?"

வெர்லினின் காது சிவந்துபோனது.

"தப்பாப் படிச்சுட்டேன்."

"ஆறு வருஷமாவா? நல்ல ஆளுய்யா நீங்க! கூடுதலாப் பாத்ததால பேனலுக்கு ஒண்ணும் ஆகலை, சரி. ஆனா எத்தனை நாள் வீணாப் போச்சு! நான் இதை எழுதித்தான் ஆகணும். புது இடத்துக்கு இந்தப் பேரோடதான் போவீங்க, பரவாயில்லையா?"

அவர் இடுக்கியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். இந்த மனுஷன் ஒரு பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்குக்கூட அதன் மேல் இருப்பதை மூன்று தடவை படிப்பார். இவரா தப்பாகப் படிப்பவர்? எனக்காகவா என்று கத்திக் கேட்க வேண்டும் போலிருந்தது.

மார்லா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"பாவம் லான், உங்களையும் சும்மா சுத்த விட்டிருக்காரு. உங்களுக்கு இது தெரியாதுல்ல?"

தலையாட்டினால் போதும், என் பேர் இதில் வராது. மார்லாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெர்லின் என்னைப் பார்த்தார். தெரியாதுன்னு சொல்லிடுங்க என்று கண்ணால் கெஞ்சினார்.

நான் வலைத்தொப்பியைக் கழற்றினேன். இந்த அறைக்குள் அதைக் கழற்றுவது அதுதான் முதல் தடவை.

"ஃபாரத்துல கையெழுத்துக்கு எட்டுக் கட்டம்தான் அச்சடிச்சிருக்கு மார்லா," என்றேன். "மிச்சம் இருபத்து நாலுக்கும் ஆறு வருஷமா ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்தது நான்தான்."