ஒன்பதே கால் அழைப்பு

பிரசங்கத்துக்கு நடுவில் மறுபடியும் அந்த போன் அடித்தது.

அன்று அழைத்தல் ஞாயிறு. கடவுள் குருக்களையும் கன்னியாஸ்திரிகளையும் மட்டுமா கூப்பிடுகிறார், கடைக்காரரையும் கொத்தனாரையும்கூடத்தான் கூப்பிடுகிறார், நாம்தான் காதில் வாங்குவதில்லை என்று பங்குச்சாமியார் சொல்லி வாய் மூடவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ‘டிரிங் டிரிங்’. கோயில் முழுக்கச் சிரித்தது.

மைக் அண்ணன் தலையைக் குனிந்தபடி எழுந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டே பக்கவாசல் வழியாக வெளியே போனார்.

டீச்சரம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கோயிலில் ஒழுங்கு பார்ப்பது அவர் பொறுப்பு. ‘கைப்பேசியை அணைத்து வைக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு வாசலில் ஒட்டியவர் அவர்தான்.

மைக் அண்ணன் எலெக்ட்ரீஷியன். கோயில் மைக் செட்டைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். அதற்காக இப்படியா? ஞாயிறு தவறாமல் ஒன்பதே காலுக்கு போன் அடிக்கும். எழுந்து போனால் கடைசிப் பாட்டுக்குத்தான் திரும்பி வருவார். நற்கருணைகூட வாங்குவதில்லை.

வீட்டுத் தரகு வேலை பார்க்கிறார் என்றார் ஒருத்தர். இந்த வயதில் என்ன சகவாசமோ என்று இழுத்தார் இன்னொருத்தர். டீச்சரம்மா பங்குச்சாமியாரிடம் இரண்டு தரம் புகார் சொல்லியாயிற்று. அவர் இங்கே வந்தே ஆறு மாசம்தான் ஆகிறது. நீங்களே ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன் என்று நழுவிவிட்டார்.

இன்றைக்குப் பேசியே தீருவது என்று டீச்சரம்மா எழுந்து பின்னாலேயே போனார்.

சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் மைக் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். உட்காரப் படிக்கட்டு இருந்தும் உட்காரவில்லை. கண்ணை மூடியிருந்தார்.

“உம்மோடும் இருப்பாராக,” என்றார் போனில்.

டீச்சரம்மா பாதியிலேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஆமென். அப்புறம் இன்னொன்று. பிறகு வெகுநேரம் சும்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணைத் திறந்தபோதுதான் எதிரே நிற்பவரைக் கவனித்தார். சட்டென்று போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

“யார் அது?”

“பெரிய சாமி, டீச்சர். பிரசங்கத்துல இருக்கார். லேசுல முடிக்க மாட்டார்.”

பெரிய சாமி இருபது வருஷம் இந்தப் பங்கில் சாமியாராக இருந்தவர். இப்போது வயதான குருக்கள் தங்கும் இல்லத்தில் இருக்கிறார். ஞாபகம் போய்விட்டது. சாப்பிட்டோமா என்பதுகூடத் தெரியாதாம். ஆனால் ஞாயிறு காலையில் மட்டும் தவிக்க ஆரம்பித்துவிடுவார். அங்கே விடிந்ததுமே பூசை முடிந்துவிடும். அதில் உட்கார்ந்து எழுந்தும், என் ஜனங்க எங்கே, என் ஜனங்க எங்கே என்று கேட்பார். நினைவில் தங்கிய ஒரே நம்பர் மைக் அண்ணனுடையது. அந்தக் காலத்தில் மைக் கரகரக்கும்போதெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய நம்பர். போனிலேயே பூசை ஜெபமெல்லாம் சொல்வார். பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

டீச்சரம்மா சுதாரித்துக்கொண்டு, சத்தத்தையாவது அமர்த்தி வைக்கக் கூடாதா என்று கேட்டார். குரலில் பழைய அதட்டல் இல்லை.

“ஒரு வாரம் வச்சேன் டீச்சர். அடிச்சதே தெரியல. செருப்புகூடப் போடாம கேட் வரைக்கும் நடந்து போயிட்டாராம், ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்கன்னு. அங்க இருக்கற சிஸ்டர் சொன்னாங்க. அதுக்கப்புறம் எனக்கு மனசு கேக்கல.”

அப்படியானால் உங்க பூசை? சாயந்திரம் வந்து முழுசாகப் பார்ப்பேன் என்றார். காலையில் மைக் போட ஆள் வேண்டுமே, அதற்காகத்தான் வருவதாம்.

“இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா அவரைப் பாவம்னு பாப்பாங்க. நான் அவரை அப்படிப் பாத்ததில்ல.” அவர் போனைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். “நான் ஏணியிலேருந்து விழுந்து எட்டு மாசம் படுத்த படுக்கையாக் கிடந்தேனே, அப்ப ஞாயித்துக்கிழமை இங்க மூணு பூசையை முடிச்சிட்டு, நாலாவதா என் கட்டில்கிட்ட வந்து ஒண்ணு வைப்பார். என் ஒருத்தனுக்காக. நான் கடவுள் மேல இருந்த கோவத்துல சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துப்பேன். ஒரு வார்த்தை பதில் சொன்னதில்ல. அவரே சொல்லி, அவரே பதிலும் சொல்லிப்பார். அந்தப் பதிலெல்லாம் இப்பவாவது சொல்லக் கிடைச்சுதே டீச்சர். அது போதும் எனக்கு.”

பெரிய சாமியின் வழியனுப்பு விழாவில், உங்களை என்றும் மறவோம் என்று மடல் வாசித்துக் கைதட்டல் வாங்கியவர் டீச்சரம்மாதான். அந்த இல்லம் எங்கே இருக்கிறது என்பதுகூட இன்றுவரை அவருக்குத் தெரியாது.

“இருக்கியாப்பா?” போனிலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

“இருக்கேன் சாமி.”

டீச்சரம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார். மைக் அண்ணன் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு போனை இருவருக்கும் நடுவில் பிடித்தார்.

“ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.”

“உம்மோடும் இருப்பாராக,” என்றார்கள் இருவரும்.

அந்தப் பக்கத்துக் குரல், பரிசைப் பிரித்துப் பார்த்த குழந்தையைப் போலப் பூரித்துச் சொன்னது:

“இன்னிக்கு நல்ல கூட்டம்ப்பா.”