புதன்கிழமை மருமகள்

கலாவதி கண்ணாடி முன்னால் நின்று இரண்டாவது தடவையாகப் பவுடர் பூசிக்கொண்டாள். தலையில் கனகாம்பரம், உடம்பில் தீபாவளிப் புடவை, வாயில் ஏதோ ஒரு பாட்டின் முணுமுணுப்பு. கட்டிலில் சாய்ந்திருந்த மாமியார் அத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாரம் பூரா உர்ரென்று இருக்கிற மூஞ்சி, புதன்கிழமை மத்தியானம் ஆனால் மட்டும் எப்படித்தான் மலருமோ! பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விளங்காமல் ஒருத்தி கிடக்கிறாளே என்ற கவலை துளியாவது இருக்கிறதா?

"எங்க புள்ள கெளம்பிட்ட?"

"மேடம் சொன்னாங்கல்ல அத்தை, ரெஸ்ட்டுக்குத்தானுங்க."

சொல்லிவிட்டு, காரமில்லாமல் குழையப் பிசைந்த ரசம் சோற்றைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள். அம்மா ஊட்டுக்குக் கொண்டு போகிறாளாக்கும் என்று அத்தாயி நொடித்துக்கொண்டாள்.

எல்லாம் அந்தக் கீர்த்தனா மேடத்தால் வந்தது. வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு எப்படி உதவினால் பாரம் குறையும் என்று சேலத்திலிருந்து ஆராய்ச்சி பண்ண வந்த பெண் அவள். இந்தக் கொட்டச்சேடு கிராமத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் இங்கேயும் வந்தாள். "வாரத்துல ஒரு மத்தியானம் உங்க மருமகளுக்கு ஓய்வும்மா. அன்னிக்கு வேற ஒரு பொண்ணு வந்து உங்களைப் பார்த்துக்குவா."

"இதென்னுங்க அக்குறும்பு? ஒடம்புக்கு முடியாதவ நானு, ரெஸ்ட்டு அவளுக்கா?" என்று அத்தாயி அன்றைக்கு ஒரு பிடி பிடித்தாள்.

ஆனால் வந்த புவனாவைப் பார்த்ததும் அந்தக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அடடா, என்ன குணம், என்ன சிரிப்பு! காப்பித் தோட்டத்துக்குள் புகுந்த காட்டெருமையைத் தன்னந்தனியாக விரட்டிய கதையை அத்தாயி வாராவாரம் சொன்னாள். புவனாவும் வாராவாரம் "அப்புறம் என்னாச்சுங்கம்மா?" என்று கண்ணை விரித்தாள். கலாவதியாக இருந்தால் பாதியிலேயே, "அதத்தான் நூறு தடவ சொல்லிட்டீங்களே" என்று எழுந்து போயிருப்பாள்.

கலாவதி கையைப் பிடித்தால் ஓர் அடிகூட எடுத்து வைக்காத அத்தாயி, புவனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் சில்வர் ஓக் மரம் வரைக்கும் நடந்தாள். அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்றோடு ஆராய்ச்சி முடிகிறதாம். இனிமேல் புவனா வராமல் போய்விட்டால்? எப்படியாவது மேடத்திடம் பேசிக் காரியத்தைச் சாதித்துவிட வேண்டும்.

புவனா வந்து, வெந்நீரில் குளிக்க வைத்து, ஈரத்தலையைத் துவட்டிச் சீவிக்கொண்டிருக்கும்போது கீர்த்தனா வந்து சேர்ந்தாள்.

"இந்த ஏற்பாடு உங்களுக்கு உதவியா இருந்துச்சாம்மா?"

"நொம்ப ஒதவிங்க மேடம். நிறுத்திப்போடாதீங்க. நாஞ் சொல்றபடி ஒண்ணு செய்யுங்க. என்ற மருமகளுக்கு தெனமும் ரெஸ்ட் குடுத்துப்போடுங்க. புவனாவையே தெனமும் அனுப்பிச்சு வையுங்க!"

கீர்த்தனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கலாவதி மேல அப்படி என்னம்மா குறை?"

"ஒண்ணா, ரெண்டா? சிடுமூஞ்சிங்க. பொறுமைங்கறது மருந்துக்கும் கெடையாது. அன்பா ஒரு வார்த்தை வராது. இப்பப் பாருங்க, சிங்காரிச்சுட்டு எங்கியோ ஊரு சுத்தப் போயிருக்கா."

புவனா உதட்டைக் கடித்துக்கொண்டு சீவுவதிலேயே கண்ணாக இருந்தாள். கீர்த்தனா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அத்தாயியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புவனாவை அனுப்ப நாங்க யாரும்மா? அவங்க எங்க ஆபீஸ் ஆள் இல்லை. கலாவதி மாதிரியே வீட்டுல மாமியாரைப் பார்த்துக்கறவங்கதான்."

அத்தாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் சம்பளத்துக்கு வருகிற பெண் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்! சட்டென்று திரும்பி, நல்ல கையால் புவனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங் கண்ணு, உன்ற மாமியாளும் படுக்கைதானா?"

"ஆமாங்கம்மா. இடுப்பு ஒடிஞ்சு போச்சுங்க."

"இருந்தாலும் அவ குடுத்து வெச்ச மகராசி. தங்கமாட்டம் மருமக! அவ காலப் புடிச்சுக் கேக்கறேன் சாமி, உன்னைய எனக்கு உட்டுக்குடுக்கச் சொல்லு."

"கேக்கவே வேண்டாங்கம்மா, இப்பவே உட்டுக்குடுத்துருவாங்க. என்னையக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது. நான் சிடுமூஞ்சியாம், பொறுமையே கெடையாதாம்."

"உன்னையவா?" அத்தாயிக்கு ஆங்காரமே வந்துவிட்டது. "கண்ணுல என்ன பொரையா அந்தப் பொம்பளைக்கு? உன்னைய உட்டுப்போட்டு வேற எவ வேணுமாம் அவளுக்கு?"

புவனாவால் அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இந்நேரம் எங்க ஊட்டுல அவங்களுக்குச் சோறு ஊட்டிட்டிருக்கற கலாவதி அக்காதானுங்கம்மா வேணுமாம்!"