சுளுக்குன்னு சொன்ன மகராசன்

"வெறும் சுளுக்குன்னு சொன்ன அந்த மகராசன் மட்டும் என் கையில கிடைக்கணும்!"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மாமியார் பல்லைக் கடித்தார். பக்கத்தில் மாப்பிள்ளை தலை நிமிரவில்லை.

உள்ளே அவர் மனைவி. முட்டிக்குக் கீழே எலும்பு உடைந்தது தெரியாமல் மாதக்கணக்கில் நடந்திருக்கிறாள். உடைந்த எலும்பு ஒன்றுசேரவே இல்லை. இப்போது இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து அங்கே வைத்து, தகடு போட்டு முடுக்குகிறார்கள். இதிலும் சேராவிட்டால்? மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தா குடியா முழுகிப்போயிருக்கும்?"

"எடுத்திருக்கணும் அத்தை."

"பேப்பர்லேருந்து கண்ணைக்கூட எடுக்காம, 'தைலம் தேய், சரியாப் போயிடும்'னானாம்!"

"கட்டையில போறவன்" என்று அவரும் ஒத்து ஊதினார்.

கதவு திறந்தது. நர்ஸ்.

"நல்லபடியா முடிஞ்சுது. எலும்பு சரியாப் பொருந்திடுச்சு. பேசறாங்க."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பியது. "என்ன சொன்னா?"

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இனிமே கால் வலிச்சா வீட்ல உங்ககிட்ட சொல்லவே மாட்டாங்களாம் டாக்டர். உங்க கிளினிக்ல டோக்கன் வாங்கி, வரிசையில உக்காந்துதான் காட்டுவாங்களாம்."

"எனக்கும் ஒரு டோக்கன் போட்டு வைம்மா" என்றார் மாமியார். "எங்க மாப்பிள்ளை கைராசியான எலும்பு டாக்டராம். ஊரே சொல்லுது!"