நாற்பதாம் நாள் அஞ்சலி

"அடியே வெலிச்கா, நீ செத்து நாற்பது நாளாச்சாமே! எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே?"

முதல் மாடி தோத்கா சிரிக்கத்தான் முயன்றாள். ஆனால் கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது.

குடியிருப்பின் வாசற்கதவில் நாற்பதாம் நாள் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் வெலிச்காவின் பெயர், வயது ஐம்பத்திரண்டு, நோய்க்கு முன்பு நீள முடியோடு எடுத்த படம். பசை இன்னும் காயவில்லை.

"யாரோ விளையாடறாங்க" என்றாள் வெலிச்கா.

"இதுலயா விளையாடுவாங்க? எங்க, கையைக் குடு." தோத்கா கிள்ளிப் பார்த்தாள். "சூடாத்தான் இருக்கு. நாளைக்குத்தானே உனக்கு ஸ்கேன் ரிசல்ட்?"

"ஆமா. இதைக் கிழிச்சுப் போடறேன்."

"ஐயோ, தொடாதே! செத்தவங்க நோட்டீஸைக் கிழிக்கக் கூடாது. மழையும் காத்தும்தான் எடுத்துட்டுப் போகணும்."

"நான் சாகலையே!"

"அதான் எனக்கும் குழப்பமா இருக்கு."

படத்துக்குக் கீழே ஒரு வரி. 'மழை வரப்போவதைத் தன் அறுவைத் தழும்பில் முதலில் அறிந்தவள்.'

வெலிச்கா அந்த வரியை மறுபடி படித்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் குழுவில், மனதில் இருப்பதைத் தினமும் இருபது நிமிடம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள். யாருக்கும் காட்ட வேண்டாம் என்றார்கள். அந்த நோட்டு, குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில் அல்லவா இருக்கிறது?

மூன்று மாடி ஏறினாள். கணவன் பென்கோ பால்கனியில் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான்.

"கீழே பார்த்தியா? நான் செத்துட்டேன்னு ஒட்டியிருக்காங்க."

அவன் திரும்பவில்லை. "உக்காரு. சூடா சாப்பிடு."

"செத்தவளுக்கு எதுக்குச் சாப்பாடு?"

அவன் சிரிக்கவில்லை. அவன் நகங்களில் மாவுப்பசை அப்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"நீயா? நாளைக்கு என்ன சொல்வாங்களோன்னு நான் இங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா..."

"மெதுவாப் பேசு." பென்கோ படிக்கட்டுப் பக்கம் காதைக் கொடுத்தான். "நோட்டைப் படிச்சுட்டேன். தப்புதான். நீ எழுதியிருந்தியே, அந்த நோய் தினமும் மாடிப்படி ஏறி வருது, ஒவ்வொரு கதவா உன் பேரைத் தேடுதுன்னு..."

"அது ஏதோ பயத்துல எழுதினது, பென்கோ. எழுதினா மனசு லேசாகும்னாங்க, எழுதினேன்."

"எனக்கும் கேக்குது."

"என்னது?"

"காலடிச் சத்தம். திங்கக்கிழமையிலேர்ந்து." அவன் குரல் தாழ்ந்தது. "கீழேயே உன் நோட்டீஸைப் படிச்சுட்டு, ஆள் போய் நாற்பது நாளாச்சுன்னு அப்படியே திரும்பிப் போகட்டும்னுதான் ஒட்டினேன்."

வெலிச்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பைத்தியமே! அவ்வளவு தூரம் வந்தது வெறுங்கையோட திரும்பிப் போகுமா?"

பென்கோ அடுப்பை அணைத்தான். மேஜையிலிருந்து ஓர் அட்டையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஆணி அறையும் சத்தம் கேட்டது.

பின்னாலேயே ஓடினாள். வீட்டுக் கதவில், படியேறி வருபவர் கண்ணில் படும்படி, பெரிய எழுத்தில் எழுதியிருந்தான்:

'இங்கே பென்கோ மட்டும்தான் இருக்கிறான். உள்ளே வரலாம்.'