நனையாத கை

குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் மறுபடியும் சிரிப்பு.

அவர் செய்தித்தாளை மடித்துவைத்தார். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

உள்ளே அவர் மனைவி இந்திராணி. கூடவே, வாரத்தில் மூன்று நாள் வரும் நர்ஸ் ஸ்டெல்லா. இந்திராணியின் மேல்கையில் நுழைந்து நெஞ்சுவரை போகிறது ஒரு மெல்லிய குழாய். கீமோ மருந்து ஏறும் வழி. ஆறு மாதம் அது அங்கேயேதான் இருக்கும். அந்த இடத்தில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

முதல் வாரம் அவர்தான் குளிப்பாட்டினார். பாலிதீன் பையைக் கையில் மாட்டி, கீழ்ப்பக்கம் மட்டும் பிளாஸ்திரி ஒட்டினார். தண்ணீர் மேலிருந்து வரும் என்று படித்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. கட்டு நனைந்தது. காய்ச்சல் வந்தது. வேலை ஸ்டெல்லா கைக்குப் போனது.

இப்போது தன் கையிலேயே பையைச் சுற்றிக் குளித்துப் பழகுகிறார். நாலு நாளாக ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல?

இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவரிடம் 'ஒண்ணுமில்லைங்க' தவிர வேறு பேச்சில்லை. நேற்று வந்தவளிடம் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது!

உள்ளே போன் அடித்தது.

கதவு திறந்தது. காதில் போனோடு வந்த ஸ்டெல்லா, மக்கை அவர் கையில் திணித்து, 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சைகை காட்டிவிட்டு வாசலுக்கு நகர்ந்தாள்.

முக்காலியில் இந்திராணி. முகமெல்லாம் சோப்பு நுரை. கண்களை இறுக மூடியிருந்தாள். பை சுற்றிய கை மட்டும் பக்கவாட்டில் நீட்டியபடி.

அவர் தோளில் தண்ணீர் ஊற்றினார்.

"சிஸ்டர், ராத்திரி பூரா எலும்பெல்லாம் வலி. தலகாணியக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவர்கிட்ட சொல்லிராதீங்க. தாங்க மாட்டாரு."

மக் அந்தரத்தில் நின்றது.

சிரிப்பை மட்டும்தான் ஸ்டெல்லா பிடுங்கிக்கொண்டாள் என்று நினைத்திருந்தார்.

வலியையுமா?

ஸ்டெல்லா திரும்பி வந்தாள். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மக்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

பிறகு, அப்போதுதான் கூடத்திலிருந்து எழுந்து வந்தவர்போலக் குரல் கொடுத்தார்.

"இந்திரா, வலி எதும் இருக்கா?"

"ஒண்ணுமில்லைங்க."

அவர் மடித்துவைத்த செய்தித்தாளை மறுபடி விரித்தார்.

"எனக்கும் ஒண்ணுமில்ல," என்றார், யாரும் கேட்காமலேயே.