இடது கால்

சாபா தீவின் செங்குத்துப் பாறைப் பொந்துகளில் வளரும் நீள்வால் கடற்பறவைக் குஞ்சுகளுக்கு எண் வளையம் மாட்டுவது எங்கள் வேலை. வளையங்கள் கம்பியில் எண் வரிசையில் கோத்திருக்கும். நுனியிலிருந்துதான் கழற்ற முடியும். எல்லோரும் வலது காலில் மாட்டுவோம். என் அண்ணன் எல்ரிக் மட்டும் இடதுகைக்காரன். இடது காலில் மாட்டித் திட்டு வாங்குவான். போன வருடம் இறந்துவிட்டான்.

"இந்தக் குஞ்சோட சரி. நாளைக்கு மக வீட்டுக்குக் கப்பல்," என்றாள் அண்ணி வில்மினா.

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க."

"இந்தத் தடவ பெட்டியே கட்டியாச்சுடா."

கடைசிப் பொந்தில் கைவிட்டு, கடி வாங்கிக்கொண்டு, குஞ்சை எடுத்தாள். பிறந்து ஒரு மாதம்தான். இடது காலில் ஏற்கெனவே வளையம் இருந்தது. எண் 240.

அன்று காலையில்தான் உறை பிரித்த கம்பியைப் பார்த்தேன். நுனியில் 239. அடுத்தது 241.

அண்ணி அந்தக் காலை விரலால் தடவினாள்.

"இன்னும் திருந்தல பாரு உங்க அண்ணன்."

மறுநாள் கப்பல் அவள் இல்லாமல் போனது. நான் அவள் வீட்டுக்குப் போனபோது பெட்டியை அவிழ்த்து, எல்ரிக்கின் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள், கைப்பிடி இடப்பக்கமாக.