மூக்கு முதல் முகவாய் வரை

பெற்ற தாயை இப்படிக் கண்ணி வைத்துப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று பல் டாக்டர் கனவிலும் நினைத்ததில்லை. வேறு வழி?

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, ஒன்று சொன்னால் சொன்னதுதான். போன மாதம் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தை ஆரம்பித்தான்.

"நம்ம மார்க்கெட் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்குல்ல, அங்க வேலை பாக்குற பொண்ணும்மா. நல்ல பொண்ணு. ஆனா... பிறக்கும்போதே உதடும் அண்ணமும் பிளந்து இருந்துச்சு. தையல் போட்டிருக்காங்க. மத்தபடி ஒரு குறையும் கிடையாது."

துணி மடிப்பதை நிறுத்தாமலே அம்மா சொன்னாள்: "இந்தக் கல்யாணம் நடக்காது."

அவ்வளவுதான். காரணம் கேட்டால் வாயே திறக்கவில்லை.

அவனுக்கு எப்படி இருக்கும்? அண்ணப் பிளவைத் தைத்த பிள்ளைகளுக்கு வளர வளர மேல்தாடை எப்படி வளர்கிறது, முகம் எப்படி அமைகிறது என்று ஊருக்கே ஆராய்ச்சி செய்கிறவன். சொந்த வீட்டிலேயே இப்படியா?

கடைசியில் அந்த ஆராய்ச்சிதான் கை கொடுத்தது.

தாடையை அளக்க டாக்டர்கள் போதும். முகம் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லச் சாதாரண ஜனங்கள் வேண்டும். மூக்கு முதல் முகவாய் வரை மட்டும் வெட்டிய படங்களைத் திரையில் காட்டுவார்கள். யாருடைய முகம், தையல் போட்டதா போடாததா, எதுவும் சொல்ல மாட்டார்கள். பார்க்கிறவர்கள் பத்துக்கு மார்க் போட வேண்டும். மார்க் மாறுகிறதா என்று பார்க்க, இரண்டு வாரம் கழித்து அதே படங்களுக்கு மறுபடியும் ஒரு தடவை.

அந்தக் குழுவில் அம்மாவையும் கொண்டுவந்து உட்கார வைத்தான். படங்களுக்கு நடுவே தன் காதலியின் படத்தை, அவள் சம்மதத்தோடுதான், நைசாகச் செருகினான். போகிற போக்கில் தன் படம் ஒன்றையும் சேர்த்தான். இரண்டும் ஆராய்ச்சிக் கணக்கில் வராது. அம்மா கணக்கில் வந்தால் போதாதா!

அம்மா மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு தையல்காரர்.

"எல்லாரும் மனசுல பட்ட மார்க்கை எழுதுங்க. சத்தமா சொல்லக் கூடாது" என்றான் டாக்டர்.

யாரிடம் சொல்கிறான்? ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டு வரை குரல் கொடுத்துப் பழகியவளிடம்!

"இது நல்லாருக்கு, எட்டு. அய்யோ, இந்தப் பிள்ளை தூக்கத்துல எழுந்து வந்த மாதிரி இருக்கு, ஆறு."

"அம்மா, மெதுவா..."

கண்ணாடிக் கடைப் பெண்ணின் படம் வந்தது. டாக்டர் திரையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தான். அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"பத்து!"

டாக்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்து அவன் படம்.

"இதென்ன மூஞ்சி? ரெண்டு."

"பாவம்மா, கொஞ்சம் கூட்டிப் போடுங்க" என்றார் தையல்காரர்.

"போட்டது போட்டதுதான்."

எல்லோரும் போனதும் அம்மாவைத் தன் அறைக்குக் கூட்டிப்போனான். அலமாரி நிறைய பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடை அச்சுகள் வாயைத் திறந்து வேடிக்கை பார்த்தன.

"அம்மா, பத்து மார்க் யாருக்குப் போட்டே தெரியுமா?"

"ஏன் தெரியாம? கண்ணாடிக் கடைப் பொண்ணுக்கு."

டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப... ரெண்டு?"

"உனக்கு. பெத்தவளுக்கு அடையாளம் தெரியாதா?"

"அவளை உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவன் முன்னால் ஆட்டினாள். "இது பின்ன ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு? நீ சொன்ன மறுநாளே கடைக்குப் போயிட்டேன். யாருன்னு சொல்லிக்கல. காதுல உறுத்துது, மூக்குல வழுக்குதுன்னு அவளை நான் படுத்தின பாடு இருக்கே! வேற யாராவதா இருந்தா கண்ணாடியை மூஞ்சியில வீசியிருப்பாங்க. அவ சிரிச்சுக்கிட்டே ஒவ்வொரு தடவையும் கம்பியை வளைச்சு மாட்டிவிட்டா. தங்கமான பொண்ணுடா."

"அப்புறம் எதுக்கும்மா கல்யாணம் நடக்காதுன்னே?"

அம்மா அவன் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். கீழே ஒரு பழைய தழும்பு.

"இது எப்படி வந்துச்சு?"

"சின்ன வயசுல பஸ் படிக்கட்டுல விழுந்து... தையல் போட்டது."

"நாலு பேருகிட்ட உன்னைப் பத்திச் சொல்லும்போது, 'நல்ல பையன், ஆனா முகவாயில தையல் போட்டிருக்கு'ன்னு என்னைக்காவது சொல்லியிருக்கேனா?"

டாக்டர் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டான். வெட்கமாக இருந்தது.

"அவளைப் பத்தி நீ சொன்ன முதல் பேச்சே 'ஆனா'வுல நிக்குது. நீயா உணருவேன்னு ஒரு மாசமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீ என்னடான்னா எனக்கே படம் போட்டுக் காட்டுறே! அந்தப் பொண்ணுக்கு உன்னைக் கட்டிவைக்க எனக்கு மனசு வரலடா."

"தப்புதாம்மா" என்றான் மெல்ல. "இப்ப என்ன பண்றது?"

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டு வாரம் கழிச்சு இதே படத்தையெல்லாம் காட்டி மறுபடியும் மார்க் போடச் சொல்லுவேன்னியே? வரேன். அவளுக்கு அப்பவும் பத்துதான். உனக்குத்தான் யோசிக்கணும்."